வண்டி சுருங்கும், பேப்பர் சுருங்காது

பேப்பர் மாடல்னா, தாள்ல அச்சடிச்சிருக்கற துண்டுகளை வெட்டி, மடிச்சு, ஒட்டி ஒரு பொருளோட குட்டி உருவத்தைக் கொண்டு வர்றது. கப்பல், விமானம், கோட்டை, ரயில்னு எல்லாத்துலயும் உண்டு. வண்டின்னு வந்தா மட்டும் செய்யறவங்க ரெண்டு ரகம்.

பெருசா செய்யறவங்க ஒரு ரகம். இவங்களோட அளவு 1:25. அந்த அளவுல ஒரு டி-34 டாங்கி (முன்னால நீட்டிக்கிட்டிருக்கற பீரங்கிக் குழாயைக் கழிச்சே) ஒரு சாண் நீளம் வரும்.

சின்னதா செய்யறவங்க இன்னொரு ரகம். 1:72, 1:87, 1:100, 1:144. கிழக்கு ஜெர்மனியோட டிராபன்ட் கார் 1:87-ல வெறும் 41 மில்லிமீட்டர். தீப்பெட்டி மேல நிறுத்தினா நீளவாக்குல ஓரம் தாண்டாது.

குழுவா சேர்ந்து செய்யறதுக்குத் தோதானது இந்த ரெண்டாவது ரகம்தான். ஒரு வண்டிக்கு ஒரு பக்கம் தாள், மிஞ்சிப்போனா ரெண்டு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆரம்பிச்சா அடுத்த ஞாயிறுக்குள்ள நாலு சக்கரத்துல நிக்க வெச்சிடலாம். பெரிய டாங்கின்னா, சங்கிலிப் பட்டையோட ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியா வெட்டி ஒட்டி முடிக்கறதுக்குள்ள ஆசையே போயிடும். அப்படிப் பாதியில நின்னுபோய் பீரோ மேல தூசி படிஞ்சுக்கிட்டிருக்கற டாங்கிகள் உலகத்துல ஏராளம்.

அளவுலதான் முதல் பஞ்சாயத்து. 1:87-ங்கற விசித்திரமான எண் ரயில் மாடல்கள்லேர்ந்து வந்தது. ஒரு அடிக்கு மூணரை மில்லிமீட்டர்னு கணக்கு. பிரிட்டன்காரங்க மட்டும் அடிக்கு நாலு மில்லிமீட்டர்னு வெச்சுக்கிட்டாங்க, அதாவது 1:76. காரணம், அவங்க நாட்டு ரயில் எஞ்சின்கள் ஐரோப்பாவோட எஞ்சின்களைவிட உருவத்துல சின்னது. அந்தக் காலத்து மோட்டார் 1:87 அளவு எஞ்சினுக்குள்ள அடங்கல. அதனால தண்டவாள அகலத்தை மாத்தாம, மேல இருக்கற உடம்பை மட்டும் பெருசாக்கிட்டாங்க. 1:72 வேற கணக்கு: ஆறு அடிக்கு ஒரு அங்குலம். இந்த மூணுல செஞ்ச வண்டிகளை ஒரே மேசையில பக்கத்துல பக்கத்துல நிறுத்தினா, சின்ன கார் பெரிய காரைவிடப் பெருசா இருக்கற மாதிரி எல்லாம் கண்ணை உறுத்தும். அதனால குழு கூடினதும் ஒரே அளவுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் கத்தரியைத் தொடணும்.

அளவைத் தேர்ந்தெடுத்தப்புறம் வர்றதுதான் இந்த வேலையோட முழுச் சிக்கல்.

வண்டியைச் சுருக்கலாம். பேப்பரோட தடிமனைச் சுருக்க முடியாது.

மாடலுக்குப் பொதுவா எடுக்கறது 160 ஜிஎஸ்எம் தாள் (சதுர மீட்டருக்கு 160 கிராம்). தடிமன் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். 1:25-ல அது நிஜ வண்டியில 5 மில்லிமீட்டர் தகடுக்குச் சமம். பரவாயில்ல. 1:87-ல அதே தாள் 17 மில்லிமீட்டர் தகடாயிடும். 1:144-ல கிட்டத்தட்ட 29 மில்லிமீட்டர். நிஜமான காரோட தகடு ஒரு மில்லிமீட்டர் கூட வராது! அதாவது 1:87-ல செய்யற ஒவ்வொரு பேப்பர் காரும் குண்டு துளைக்காத கார். கதவு ஓரம், ஜன்னல் சட்டம், சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவுன்னு எங்கெல்லாம் வெட்டின விளிம்பு தெரியுதோ, அங்கெல்லாம் இந்தத் தடிமன் காட்டிக்கொடுத்துடும்.

இதுல ஒரு வேடிக்கை. டாங்கிக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. டி-34-ஓட முன்பக்கக் கவசம் 45 மில்லிமீட்டர், 1:87-ல அரை மில்லிமீட்டர் அட்டை. ஜெர்மன் டைகர் டாங்கியோட முன்பக்கம் 100 மில்லிமீட்டர், அதுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. சாதாரண அட்டையே நிஜக் கவசத்தோட சரியான தடிமன்ல வந்து உக்காந்துக்குது. சின்ன அளவுக் குழுக்கள்ல ராணுவ வண்டிகள் அதிகமா இருக்கறதுக்குப் போர் மோகம்தான் காரணம்னு சொல்றவங்க உண்டு. பாதி உண்மைதான். மீதிப் பாதி இந்தக் கணக்கு.

பெரிய அளவு மாடலை அப்படியே பிரிண்டர்ல சுருக்கி அடிச்சா ஆச்சேன்னு புதுசா வர்ற எல்லாரும் கேக்கறாங்க. 1:25-ஐ 1:87 ஆக்கணும்னா 28.7 சதவீதத்துக்குச் சுருக்கணும். அச்சாகும். ஆனா பசை தடவறதுக்காக ஓரத்துல 5 மில்லிமீட்டர் அகலமா விட்டிருந்த ஒட்டும் நாக்கு ஒண்ணரை மில்லிமீட்டருக்கும் கீழ போயிடும். அதை மடிச்சா மடியாது, பிஞ்சு கையோட வரும். கதவுக் கைப்பிடி, கண்ணாடி துடைக்கற வைப்பர், நம்பர் பிளேட் மாட்டற கம்பின்னு தனித்தனியா குடுத்திருக்கற துண்டுகளெல்லாம் மிளகாய் விதை சைஸுக்கு வந்துடும். அப்படியே செஞ்சு முடிக்கறவங்களும் இருக்காங்க (அவங்களோட வாதம் பண்ணக் கூடாது). ஆனா விவரம் தெரிஞ்சவங்க சுருக்கறதோட நிறுத்த மாட்டாங்க, திரும்ப வரைவாங்க. அம்பது துண்டை எட்டாக்குவாங்க. கைப்பிடி ஒரு கோடாயிடும். முன்விளக்கு ஒரு வட்டமாயிடும். எதை விடறதுன்னு தெரியறதுதான் சின்ன அளவுல திறமை. எதையும் விடாம சேர்த்தவங்களோட வண்டி, கிட்டப் போய்ப் பார்த்தா அபாரமா இருக்கும், ஒரு அடி தள்ளி நின்னு பார்த்தா கசகசன்னு இருக்கும்.

அடுத்தது வடிவம். பேப்பர் ஒரு பக்கமாத்தான் வளையும். உருளையா சுருட்டலாம், கூம்பா சுத்தலாம். பந்து மேல சுருக்கம் இல்லாம போத்த முடியாது. இதைக் கணக்காவே நிரூபிச்சவர் ஜெர்மன் கணித மேதை காஸ், 1827-ல. அப்புறம் எத்தனை பசை வந்தும் நிலைமை மாறல.

அதனால பேப்பருக்குப் பிடிச்ச வண்டி, பிடிக்காத வண்டின்னு உண்டு. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பிடிக்காத வண்டி. எந்தப் பக்கம் பார்த்தாலும் ரெண்டு திசையிலயும் வளைவு. அதோட முன்மூடியைப் பூவிதழ் மாதிரி கீறிக் கீறி ஒட்டணும். ஒட்டினப்புறம் ஒவ்வொரு கீறலும் வெள்ளைக் கோடா தெரியும். 1948-ல வந்த லேண்ட் ரோவர் பிடிச்ச வண்டி. போருக்கப்புறம் இங்கிலாந்துல எஃகு ரேஷன்ல இருந்ததால அலுமினியக் கலவைத் தகட்டை எடுத்து, தகட்டை அழுத்தி வளைக்கற பெரிய இயந்திரம் தேவைப்படாதபடி தட்டையா, லேசான மடிப்போட செஞ்சாங்க. தட்டுப்பாட்டுல செஞ்ச வண்டி பேப்பர்ல தானா வந்து உக்காருது.

இன்னும் சுவாரசியமானது பிரான்ஸோட சிட்ரோயன் எச் வேன். 1947-ல பாரிஸ் மோட்டார் கண்காட்சியில காட்டினாங்க, 1981 வரைக்கும் தயாரிச்சாங்க. உடம்பு பூரா தகரக் கொட்டகை மாதிரி நெளிநெளியா இருக்கும். மெல்லிய தகட்டுக்கு எடை ஏறாம விறைப்பு வரணுங்கறதுக்காகத்தான் அந்த நெளிவு. பேப்பர்லயும் அதே வேலையை அதே காரணத்துக்காகச் செய்யலாம். தாளோட பின்பக்கம் ரீஃபில் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வெச்சு ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடா அழுத்தி இழுத்தா முன்பக்கம் வரிவரியா எழும்பும். முன்னாடி தொளதொளன்னு இருந்த தாள், அதுக்கப்புறம் விறைப்பா நிக்கும். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளே போதும். புதுசா சேர்றவங்களுக்கு முதல் வண்டியா இதைக் குடுக்கறது நல்லது. டிராபன்ட் வேண்டாம். (அந்தக் காரோட உடம்பே பருத்தி நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்தின பொருள். அந்த ஊர்க்காரங்களே அதை அட்டைக் கார்னு கேலி பண்ணினாங்க. ஆனா பேப்பர்ல செஞ்சா அதோட பின்பக்க விளக்கு முனை உயிரை வாங்கும்.)

இந்தப் பொழுதுபோக்கு எங்க பொருள் தட்டுப்பாடு இருந்துச்சோ அங்கதான் நல்லா வேர் பிடிச்சுது. ரெண்டாம் உலகப் போர் நேரத்து இங்கிலாந்துல ஜெஃப்ரி ஹைவேங்கறவர் மைக்ரோமாடல்ஸ்னு ஒரு வரிசையை ஆரம்பிச்சார். தபால் கார்டு அளவுத் தாள்கள். அதுல ரயில் எஞ்சின், கப்பல், கட்டடம்னு எல்லாமே உள்ளங்கைக்குள்ள அடங்கற அளவு. உலோகமும் மரமும் போருக்குப் போயிட்ட நேரத்துல, பெரிசா இடமோ கருவியோ இல்லாம ராத்திரி உக்காந்து செய்ய அதுதான் கிடைச்சுது. இன்னிக்கு 1:87-ல செய்யறவங்களுக்கு அவர்தான் முன்னோடி.

1957-ல போலந்துல 'மாவி மொடெலாஷ்'ங்கற பத்திரிகை வந்துச்சு. ஒவ்வொரு இதழும் வெட்டி ஒட்டற மாடல்தான். அதே வருஷம் பக்கத்து நாடான செக்கோஸ்லோவாகியாவுல 'ஏபிசி'ன்னு பசங்களுக்கான அறிவியல் பத்திரிகை ஆரம்பமாச்சு. அதோட பக்கங்கள்ல வந்த லாரி, கார், விண்வெளி வண்டி எல்லாம் அந்தத் தலைமுறையோட பள்ளிக்கூட மேசையை நிறைச்சுது. பிளாஸ்டிக் கிட் வாங்கறது குதிரைக்கொம்பா இருந்த நாடுகள்ல, பத்திரிகை விலைக்கு ஒரு வண்டி கிடைச்சா விடுவாங்களா? விமானத்துக்கு 1:33, தரை வண்டிக்கு 1:25-ங்கற வழக்கமும் அந்தப் பக்கத்துலதான் நிலைச்சுது. ஜெர்மனியில கப்பல்தான் ராஜா. அங்க 1:250.

ஜப்பான் கதை வேற. அங்க கம்பெனிகளே மாடலை இலவசமா குடுத்தாங்க. யமஹா தன்னோட மோட்டார் சைக்கிள்களுக்கு அசாத்திய நுணுக்கமான பேப்பர் மாடல்களைக் குடுத்துக்கிட்டிருந்து 2018-ல நிறுத்திடுச்சு. பிரிண்டர் விக்கற கேனனும் நிறைய மாடல்களை இலவசமாவே குடுக்குது. (மாடல் இலவசம். மை யார் விக்கறாங்கன்னு கேக்கக் கூடாது.)

இப்ப வேலைக்கு வருவோம்.

பிரிண்டர்லேர்ந்தே தொந்தரவு ஆரம்பிக்குது. இங்க்ஜெட்ல அடிச்சா மை தாளுக்குள்ள ஊறும். மடிப்புல உதிராது, ஆனா பசை ஈரம் பட்டதும் கலங்கும். அதனால வெட்டறதுக்கு முன்னாடியே மேல கண்ணாடி வார்னிஷ் ஸ்ப்ரே ஒரு பூச்சு அடிச்சுக் காயவிடணும். ஜெராக்ஸ் கடை லேசர்ல அடிச்சா ஈரத்துக்கு அசையாது, ஆனா டோனர் தாள் மேல படலமா உக்காந்திருக்கறதால மடிக்கற இடத்துல வெடிச்சு வெள்ளை தெரியும். எதை எடுத்தாலும் ஒரு குறை உண்டு. நேர்மடிப்பு நிறைய இருக்கற லாரிக்கு இங்க்ஜெட், வளைவு அதிகமா இருக்கற டேங்கருக்கு லேசர்னு பிரிச்சுக்கறது புத்திசாலித்தனம்.

தாளுக்கு ஒரு ஓட்டம் உண்டு. இயந்திரத்துல தயாராகும்போது நார்கள் ஒரே திசையில படுத்திருக்கும். அந்தத் திசையை அச்சா வெச்சுச் சுருட்டினா வழவழன்னு சுருளும், குறுக்க சுருட்டினா முறிஞ்சு முறிஞ்சு வரும். தாளை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பார்த்தாலே எந்தப் பக்கம் எளிதா இணங்குதுன்னு விரலுக்குத் தெரியும். பீப்பாய் லாரி செய்யறவங்க இதைப் பார்க்காம அச்சடிச்சா தாள் வீண்.

வெட்டறதுக்கு முன்னாடியே எல்லா மடிப்புக் கோட்டையும் அழுத்திக்கணும். துண்டா வெட்டினப்புறம் நாலு மில்லிமீட்டர் அகலத் துண்டைப் பிடிச்சுக்கிட்டுக் கோடு போடறது நடக்காத காரியம். வெட்டினதும் விளிம்புக்கு வண்ணம். இதைச் செய்யாத மாடல் எவ்வளவு நேர்த்தியா இருந்தாலும் வெள்ளை விளிம்புல பல்லிளிக்கும். வாட்டர்கலர் பென்சிலை நனைச்சு விளிம்புல இழுத்தா போதும். ஸ்கெட்ச் பேனா தாளுக்குள்ள பரவி முன்பக்கம் வந்துடும். அச்சு நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்த்தியா எடுத்தா, கதவு இடுக்குல விழற நிழல் மாதிரியே தெரியும். சின்ன அளவுல செலவில்லாம கிடைக்கற லாபம் இது.

சக்கரம்தான் பரீட்சை. உடம்பு கோணினா மன்னிக்கலாம், சக்கரம் கோணினா வண்டி நொண்டும். ஒரு வழி, மெல்லிய பட்டையைக் குண்டூசியில இறுக்கமா சுத்தறது. டிராபன்ட் சக்கரம் 1:87-ல ஆறரை மில்லிமீட்டர் விட்டம் வரும். 0.1 மில்லிமீட்டர் தாள்ல சுத்தினா கிட்டத்தட்ட 33 சென்டிமீட்டர் பட்டை வேணும், ஏ4 தாளோட நீளத்தைவிடக் கொஞ்சம் கூடவே. ரெண்டாவது வழி சோம்பேறிகளோடது, அதனாலயே சிறந்தது: ஆபீஸ் பஞ்சிங் மெஷின். அது குத்தித் தள்ளற வட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். 1959-ல வந்த பிரிட்டிஷ் மினி காருக்குப் பத்து அங்குல ரிம்தான். டயரோட சேர்த்து 1:87-ல அதுவும் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். கறுப்புத் தாள்ல குத்தி ஏழெட்டு வட்டத்தை அடுக்கி ஒட்டினா டயர் அகலமும் சரியா வந்துடும். அடுக்கினதும் ஓரத்துல ஃபெவிக்விக் ஒரு சொட்டு ஊறவிட்டா பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகும். அப்புறம் உப்புத்தாள்ல ஒரு தேய். குழுவுல யாராவது ஒருத்தர் டிவி பார்த்துக்கிட்டே எல்லாருக்கும் சேர்த்துக் குத்திக் குடுத்துடலாம்.

பசை எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது. ஃபெவிகால்ல தண்ணி இருக்கு. கூடிப்போனா தாள் ஊதும், கதவு அலைபாயும். ஒரு மூடியில துளி ஊத்தி ரெண்டு நிமிஷம் கெட்டியாக விட்டு, பல்குத்தும் குச்சி முனையில தொட்டு வெக்கணும். ஒட்டும் நாக்கை இந்த அளவுல வெட்டி எறிஞ்சிடறது உத்தமம். நாக்குன்னா அங்க ரெண்டு தாள் தடிமன், அதாவது 1:87-ல 35 மில்லிமீட்டர் தகடு. அதுக்குப் பதிலா பெட்டிக்குள்ள மூலையில ஒரு சின்ன அட்டைக் கட்டையை வெச்சு, விளிம்போட விளிம்பு சேர்த்து ஒட்டறது சுத்தமா இருக்கும்.

ஜன்னலுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டறதா, கறுப்பாவே விட்டுடறதான்னு முடிவில்லாத விவாதம் ஒண்ணு உண்டு. 1:87-ல கறுப்புதான் சரி. தூரத்துல நிக்கற நிஜ வண்டியோட ஜன்னல் பகல்ல இருட்டாத்தான் தெரியும். கண்ணாடித்தாள் வெச்சா உள்ள சீட், ஸ்டீயரிங்னு வரிசையா செலவு வெச்சுக்கிட்டே போகும்.

குழு நடக்கற விதத்துக்கு எழுதின சட்டம் கிடையாது. ஆனா நிலைச்சு நிக்கற குழுக்கள்ல சில பழக்கங்கள் பொதுவா இருக்கு. ஒரு தலைப்பு வெப்பாங்க: தீயணைப்பு வண்டி, மூணு சக்கர வண்டி, பால் வண்டி, பாலைவன ரேஸ் லாரி. ஒரு அளவு, ஒரு கெடு. அவங்கவங்க வீட்ல அவங்கவங்க வண்டியைச் செய்வாங்க, பாதி வேலையில படம் எடுத்துக் காட்டுவாங்க. போட்டி வெச்சா குழு சீக்கிரம் உடையும். கெடு வெச்சா உடையாது, தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

குழுவோட உண்மையான பலன் சோதனைக் கட்டுமானம். வரையறவர் கம்ப்யூட்டர்ல முப்பரிமாண உருவம் செஞ்சு, அதைப் பெபகுரா மாதிரி மென்பொருள்ல விரிச்சுத் தட்டையான துண்டாக்குவார். திரையில எல்லாம் பொருந்தும். ஆனா மென்பொருளுக்குத் தாளோட தடிமன் தெரியாது. கூரை பக்கச்சுவருக்கு உள்ள உக்காரணுமா, மேல உக்காரணுமாங்கறதுல அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துடும். 41 மில்லிமீட்டர் கார்ல அரை மில்லிமீட்டர் பெரிய தொகை. அதை வேற ஒருத்தர் வெட்டி ஒட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வரைஞ்சவரே ஒட்டினா, தப்பு இருக்கற இடத்துல கை தானா அட்ஜஸ்ட் பண்ணிக்கும், அவருக்கே தெரியாது. அதனால ஒழுங்கான குழுவுல வரையறவரும் முதல்ல கட்டறவரும் வேற வேற ஆளா இருப்பாங்க. கட்டினவர் திருத்தம் எழுதி அனுப்பி, துண்டு மாறி, திரும்பக் கட்டி, அதுக்கப்புறம்தான் மத்தவங்க கைக்குத் தாள் போகும்.

'பேப்பர் மட்டும்தான்'னு கறாரா இருக்கற குழுக்களும் இருக்கு. கண்ணாடிக் கம்பி, அச்சாணி எல்லாமே பேப்பர்ல. அரை மில்லிமீட்டர் அச்சாணியைத் தாள்ல சுருட்டறது பெருமைக்குரிய வித்தைதான், மறுக்கறதுக்கில்ல. ஆனா ஒரு குண்டூசியைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாமேங்கறவங்களை ஒதுக்கறது அதிகப்பிரசங்கித்தனம். இன்னொரு விதியில மட்டும் கறாரா இருக்கறது சரி: விலைக்கு விக்கற மாடலை ஸ்கேன் பண்ணிச் சுத்தல்ல விடக் கூடாது. இந்தத் துறையில வெளியிடறவங்க பெரும்பாலும் சின்ன ஆளுங்க. நாலு பேர் செய்யணும்னா நாலு பிரதி வாங்கணும்.

நேர்ல கூடற சந்திப்புகளும் உண்டு. ஜெர்மனியில பிரெமர்ஹாஃபன் நகரத்துல நடக்கற கூட்டமும், அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல நடக்கற மாநாடும் பேர் பெற்றவை. மேசை போட்டு மாடலை வெச்சுட்டுப் பக்கத்துல நிப்பாங்க. பார்க்க வர்றவங்க கேக்கற முதல் கேள்வி, இது நிஜமாவே பேப்பரான்னுதான். குழந்தைங்க கேக்கறதில்ல, நேரா தொட்டுடறாங்க.

அதுக்காகவே மேசைக்கு எடுத்துட்டுப் போறவங்க ஒரு வண்டிக்கு ரெண்டு செட் சக்கரமும் ரெண்டு பம்பரும் செஞ்சு தனி டப்பாவுல வெச்சிருப்பாங்க. வீட்ல வைக்கும்போது மூடின பெட்டி, உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரக்காத்துல தாள் உப்பினா சக்கரம் ஒண்ணு தூக்கிக்கும். மைதாப் பசையில எதையும் ஒட்டக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. வெயில் படற ஜன்னலோரமும் ஆகாது. இங்க்ஜெட்ல அடிச்ச சிவப்பு வண்டிதான் முதல்ல வெளுக்கும்.